எம்பிபிஎஸ் என்பது எந்த வேகம்?

பழைய வன்தட்டுகளின் பரிமாற்ற வேகத்தை இன்றைய அலகுகளுக்கு மாற்றுவது வெறும் வகுத்தல் கணக்கு என்றே நம் ஆய்வு வட்டத்தில் பலரும் கருதுகின்றனர். எட்டால் வகுத்தால் பிட் பைட்டாகிவிடும். ஆயிரத்தால் வகுத்தால் கிலோ மெகாவாகிவிடும். மொழியியல் பயின்ற எனக்கு இது மொழிபெயர்ப்புச் சிக்கலாகவே படுகிறது. மூல அலகு எதனை எண்ணியது என்று அறியாமல் அதனை மாற்ற இயலாது.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட ரேமாக் கணினியின் தட்டு, வினாடிக்கு 8,800 எழுத்துக்குறிகளைப் பரிமாறியது. இன்று ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழக்கத்தில் நாம் அதனை 8.8 கிலோபைட் என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்த எழுத்துக்குறியில் பிழைகாணும் பிட்டை நீக்கினால் எஞ்சுவது ஆறு பிட்டுகளே. எனவே 52,800 பிட், அதாவது 6.6 கிலோபைட் என்பதே சரி. தமிழ் எழுத்தை எண்ணினால் கணக்கு மேலும் மாறும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பெயர்களையும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்துப் பாருங்கள். மூன்று, ஐந்து, நான்கு என்பது இலக்கணம் சொல்லும் எழுத்தெண்ணிக்கை. பைட்டுகளோ 18, 30, 24. புள்ளியோ உயிர்க்குறியோ பெற்ற ஒவ்வோர் எழுத்தும் ஆறு பைட் கொள்கிறது. அக்கணக்கில் ரேமாக்கின் வேகம் வினாடிக்கு 1,100 தமிழ் எழுத்துகள்தாம்!

மும்பையிலேயே இதற்கு இணையான சான்று உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960 முதல் இயங்கிய டிஃப்ராக் கணினியின் ‘சொல்’ 40 பிட் நீளமுடையது. 1964இல் அதே நிறுவனத்திற்கு வந்த சிடிசி 3600 கணினியின் ‘சொல்’ 48 பிட். அக்கால ஆவணம் ஒன்றில் ‘வினாடிக்குப் பத்தாயிரம் சொற்கள்’ என்று காணப்படுவதாகக் கொள்வோம். எந்தக் கணினி என்று தெரியாவிடில் அது 50,000 பைட்டா, 60,000 பைட்டா என்று சொல்ல வழியில்லை. ‘சொல்’ என்றால் என்ன என்பதில் மொழியியலார் மட்டுமே உடன்படுவதில்லை என்று எண்ணியிருந்தேன்.

இது அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடும் கணக்கன்று. நம் துறைகளின் அலமாரிகளில் இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பழமையான வன்தட்டுகள் உறங்குகின்றன. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த முதல் தலைமுறையின் பேச்சைப் போன்ற களப்பதிவுகள் அத்தகைய தட்டுகளில்தான் எஞ்சியிருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத்தடம் என்ற தரத்தில் 40 கிகாபைட் தட்டில் ஏறத்தாழ 126 மணி நேரப் பேச்சு அடங்கும்.

அதனைப் படியெடுக்க எவ்வளவு நேரமாகும்? தட்டின் இடைமுகத்திற்குத் தரப்பட்ட வேகம் 100. நாம் இணைக்கும் பழைய யுஎஸ்பி 1.1 வாயிலின் வேகம் 12. இரண்டையும் நம் திட்ட அறிக்கைகள் ‘எம்பிபிஎஸ்’ என்றே குறிக்கின்றன. முன்னது மெகாபைட், பின்னது மெகாபிட். ஆங்கிலத்தில் பெரிய ‘பி’யும் சிறிய ‘பி’யும் இந்த வேறுபாட்டைத் தாங்குகின்றன. தமிழ் எழுத்தில் பெரிது, சிறிது இல்லை. ஒலிபெயர்த்த கணத்தில் எட்டு மடங்கு வேறுபாடு மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு மருத்துவப் பட்டம்.

பன்னிரண்டையும் மெகாபைட் என்று கொண்டால் 40 கிகாபைட்டுக்கு 56 நிமிடம் போதும். அதன் உண்மையான உச்ச வரம்பான 1.5 மெகாபைட்டில் கணக்கிட்டால் ஏழு மணி 24 நிமிடம் ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். ஆய்வகத்தை ஒரு மணி நேரத்திற்கு முன்பதிவு செய்த மாணவர் பாதியில் கம்பியைப் பிடுங்குவார். அவ்வளவு பழைய தட்டு மறுமுறை சுழலும் என்பதற்கு எவரும் உறுதியளிக்க இயலாது. லாமிங்டன் சாலையில் யுஎஸ்பி 2.0 இணைப்பி வாங்கி, அதே தரமுள்ள கணினி வாயிலில் செருகினால் வரம்பு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட்டாக உயரும். எதனை வாங்குவது என்ற முடிவே அலகைச் சரியாகப் படிப்பதில் அடங்கியிருக்கிறது.

எட்டால் வகுப்பதும் எப்போதும் பொருந்தாது. 1980இல் வந்த எஸ்டி-506 தட்டின் 5 மெகாபிட்டை எட்டால் வகுத்து 625 கிலோபைட் எனலாம். முதல் தலைமுறை சாட்டா இடைமுகத்தின் 1.5 கிகாபிட்டை அவ்வாறு வகுத்தால் 187.5 மெகாபைட் வரும். சரியான விடை 150. அங்கே எட்டு பிட் தரவு பத்து பிட்டாகக் குறியாக்கம் பெற்றுச் செல்வதால் பத்தால் வகுக்க வேண்டும். ஆயிரமா, 1,024ஆ என்ற பழைய வழக்கும் உண்டு. அதனைத் தீர்க்க 1998இலேயே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் கிபி, மெபி, கிபி என்று முன்னொட்டுகளை வகுத்தது. அவற்றுள் முதலாவது கிலோவுக்கு இணை, மூன்றாவது கிகாவுக்கு இணை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதைப் பாருங்கள்! விண்டோஸ் 40 கிகாபைட் தட்டை 37.25 என்று காட்டும்போது எட்டரை மணி நேரத்திற்கும் மேலான பதிவு தொலைந்துவிட்டதாகப் பதற வேண்டியதில்லை.

ஆய்வேடுகளிலும் ஆவணக்காப்பகக் குறிப்புகளிலும் ‘எம்பிபிஎஸ்’ என்ற சுருக்கத்தை நாம் கைவிட வேண்டும். ‘வினாடிக்கு 12 மெகாபிட்’ என்று விரித்தெழுத ஒரு வரி கூடுதலாகச் செலவாகாது. கலைச்சொல் தூய்மை பற்றிய விவாதம் வேறு. பிட்டும் பைட்டும் கடன்சொற்களாகவே இருக்கட்டும். மாற்றிய எண்ணின் அருகே மூல எண்ணையும், எதனால் வகுத்தோம் என்பதையும், அது இடைமுகத்தின் வரம்பா, தட்டில் அளந்த வேகமா என்பதையும் குறித்துவைப்போம். அலமாரியைத் திறக்கவிருக்கும் துறையினர், தட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.