ஆசிரியர்க்கு ஆசிரியர்

மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், நமக்குக் கற்பிப்பவர் யார் என எண்ணிப் பார்த்ததுண்டா? பயிலரங்குகள் கற்பிக்கின்றன; அவற்றின் பயனை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும், வகுப்பறையில் கைகொடுக்கும் நுட்பங்களுள் பல, உடன் பணியாற்றுவோர் வாயிலாகவே நம்மை வந்தடைந்துள்ளன.

சிங்கைத் தமிழாசிரியர்க்கு இதில் தனிக் குறை ஒன்றுண்டு. தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் ஆசிரியர் அறை முழுவதும் தமிழ் ஒலித்தது. 1946ஆம் ஆண்டில் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டதோடு அக்காலம் முடிவுற்றது. இன்று பள்ளிதோறும் தமிழாசிரியர் சிலரே உளர். கணக்காசிரியர்க்கு ஐயம் எழுந்தால் அடுத்த மேசையைப் பார்ப்பார். தமிழாசிரியர் எங்கே செல்வார்?

தேக்காவுக்குச் செல்வார்! இது விளையாட்டுப் பேச்சன்று. பீட்டி சாலையிலுள்ள உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் கூட்டம் முடிந்தபின், நம்மிற் சிலர் சிராங்கூன் சாலை வழியே நடந்து, தேக்கா நிலையத்தில் தேநீர் அருந்த அமர்வதுண்டு. கூட்டத்தில் கேட்கத் தயங்கிய ஐயங்கள் அங்கேதான் வெளிவரும்.

2005ஆம் ஆண்டில் தமிழ்ப் பாடத்திட்டத்தைச் சீராய்ந்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. ‘வருகிறேன்’ என்றே வகுப்பிற் சொல்லிப் பழகிய நம் நாவிற்கு, ‘வர்றேன்’ என்று சொல்லக் கூச்சம். (இக்கட்டுரையின் நடையைக் கண்டோர்க்கு அது வியப்பளிக்காது.) அக்கூச்சத்தைப் போக்கியவர் இளைய ஆசிரியை ஒருவர். தம் மாணவரைக் காய்கறிக் கடைக்காரராகவும் வாங்குவோராகவும் நடிக்கச் செய்த முறையைத் தேநீர் ஆறும்வரை அவர் விளக்கினார். மறுவாரமே நாமும் செய்து பார்த்தோம். வீட்டில் ஆங்கிலமே பேசும் சிறுவன் ஒருவன், “கத்திரிக்கா எவ்வளவுங்க? கொஞ்சம் கொறச்சுக் குடுங்க” என்று பேரம் பேசினான்! பதிலுக்கு அவ்வாசிரியை நம்மிடம் கேட்டது, ளகர ழகர வேறுபாட்டைப் பழக்கும் வழியையே. நாநுனி மேலண்ணத்தைத் தொட்டால் ளகரம். தொடாது வளைந்தால் ழகரம். சிறு கண்ணாடியைக் கையிற் கொடுத்தால் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர் என்றோம்.

ஜப்பானில் ஓராசிரியர் பாடம் நடத்த, உடனாசிரியர்கள் வகுப்பில் நின்று மாணவரை உற்றுநோக்கி, பின்னர்க் கூடிப் பேசும் வழக்கம் நூறாண்டுக்கும் மேலாக உள்ளது. நம் கல்வி அமைச்சும் 2009ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் ஆசிரியர் கற்றல் குழுக்களை ஊக்குவித்து வந்துள்ளது. நல்ல முயற்சியே. எனினும், படிவமும் குறிப்பேடும் முன்னால் வந்தவுடன் நாம் வெற்றிகளை மட்டுமே பேசத் தலைப்படுகிறோம். தோற்றுப்போன பாடத்தை யார் எழுதித் தருவார்? அதனைக் கேட்டன்றோ பிறர் கற்றல் இயலும்!

ஆதலின் பள்ளித் தலைவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. திங்களுக்கு ஒரு பாடவேளை, அண்டைப் பள்ளியின் தமிழ் வகுப்பில் அமர நமக்கு இசைவு தருக. நம் வகுப்பை யார் பார்ப்பார் என்னும் வினா எழும். நேர அட்டவணையைச் சற்று மாற்றினால் இரு பள்ளிகளும் முறைவைத்துச் செய்யலாம். திரும்பி வந்ததும் அறிக்கை மட்டும் கேட்க வேண்டா.