கனவுக்கு எதுக்கு ஸ்டீயரிங்?

"மச்சி, லூசிட் ட்ரீம் பழகிட்டிருக்கேன்" என்று கிளாஸில் ஒருத்தன் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து வந்த முதல் கேள்வி, "லூசா? அதான் ஏற்கெனவே இருக்கியே, இதுல பழக என்ன இருக்கு?" எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த கையோடு நான்கு பேர் தனித்தனியாக அவனிடம் போய் எப்படி என்று விசாரித்தார்கள். அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தன். அதனால் இதை வெளியே நின்று கல்லெறிகிறவன் எழுதிய பதிவாக நினைக்க வேண்டாம். இரண்டரை மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்துதான் எறிகிறேன்.

தெரியாதவர்களுக்காக: கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "அட, இது கனவு" என்று தெரிந்துவிட்டால் அது லூசிட் கனவு. தெரிந்த பிறகு சிலரால் கதையை மாற்றவும் முடியும். பறக்கலாம், சுவருக்குள் நுழையலாம், வேண்டிய ஆளை வரவழைக்கலாம். இன்செப்ஷன் (2010) பார்த்துவிட்டு இதெல்லாம் சினிமாக்காரன் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறவர்கள் உண்டு. இல்லை மக்களே. ஃபிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மருத்துவர் 1913லேயே இந்தப் பெயரில் தன் கனவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார்.

நிரூபித்த விதம்தான் அழகு. அதிகமாகக் கனவு வரும் 'ரெம்' தூக்கத்தில் கை கால் தசையெல்லாம் செயலற்றுக் கிடக்கும். கண் மட்டும் இமைக்குள்ளே உருளும். அப்படியானால் கனவுக்குள் இருக்கிறவன் வெளியே தகவல் அனுப்பக் கண் போதுமே? 1975ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் அதைத்தான் செய்தார். ஆலன் வோர்ஸ்லி என்பவர் தூங்கிக்கொண்டே, முன்னாலேயே பேசி வைத்தபடி, கண்ணை இடது வலது என்று ஆட்டிக் காட்டினார். மெஷின் பதிவு செய்தது. அமெரிக்காவில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து 1981ல் வெளியிட்டார். 2021ல் நான்கு நாட்டு ஆய்வுக் குழுக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தூங்குகிறவனிடம் "எட்டில் ஆறு போனால்?" என்று கேட்டு, கண் அசைவிலேயே "இரண்டு" என்று பதில் வாங்கினார்கள். 36 பேர், 158 முறை கேட்டதில் சரியான பதில் 18 சதவீதம் சொச்சம். நம்ம இன்டர்னல் மார்க் ரேஞ்ச்தான், ஆனால் தூங்கிக்கொண்டே எடுத்தது என்பதால் மன்னிக்கலாம் :-)

இதே தசை சமாச்சாரம்தான் நம் வீடுகளில் அமுக்குவான் பேய். மூளை விழித்துவிட்டது, உடம்பின் பூட்டு இன்னும் திறக்கவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. தலைமாட்டில் இரும்பு வைத்துப் படுத்தவன் நான். இப்போது விஷயம் தெரியும்.

ஆக, லூசிட் கனவு உண்டா இல்லையா என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சண்டை "கனவைக் கட்டுப்படுத்துங்கள்" என்று கூவுகிறவர்களோடு. வீடியோ, ஆப், கோர்ஸ், மாத்திரை... எல்லோரும் விற்பது அந்த ஒரு வார்த்தையைத்தான், கட்டுப்பாடு.

முதலில் விலையைப் பார்ப்போம், பி.காம் படிக்கிறோம் இல்லையா. ஐந்து மணி நேரம் தூங்கியபின் அலாரம் வைத்து எழ வேண்டும். விடியற்காலைப் பக்கம்தான் ரெம் நீளமாக வரும் என்பதால் இந்த ஏற்பாடு. கொஞ்சநேரம் விழித்திருந்து, அடுத்த கனவில் இது கனவு என்று ஞாபகம் வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பப் படுக்க வேண்டும். பகலில் அடிக்கடி 'இப்போது காண்பது கனவா' என்று சோதிக்க வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது ஒரு வழி, கனவென்றால் வரும். பிசினஸ் லா வகுப்பில் நான் மூக்கைப் பிடிக்க, சார் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

இந்த மூன்றையும் சேர்த்து ஒரு வாரம் செய்தவர்களை வைத்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி ஓர் ஆய்வை 2017ல் வெளியிட்டார். வெற்றி சுமார் 17 சதவீதம். அதாவது ஆறு ராத்திரி எழுந்தால் ஒரு ராத்திரி பலன். வெற்றி பெற்றவர்களுக்கு மறுநாள் தூக்கக் குறை தெரியவில்லை என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. நல்லது. தோற்ற ஐந்து ராத்திரிக்கு யார் கணக்கு எழுதுவது? மாத்திரை வழி இன்னும் மோசம். 2018ல் லபெர்ஜ் குழு 121 பேருக்குக் கேலன்டமைன் கொடுத்துப் பார்த்தது. 8 மில்லிகிராமுக்கு 42 சதவீதம், வெறும் மாத்திரைக்கு 14 சதவீதம். பலன் நிஜம்தான். ஆனால் அது அல்சைமர் மறதி நோய்க்குக் கொடுக்கிற மருந்து. இருபது வயதுப் பையன்கள் பறப்பதற்காக விழுங்குகிற மிட்டாய் இல்லை.

இதை நெய்வேலியில் உட்கார்ந்து செய்தேன் என்பதுதான் எனக்கே வெட்கம். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் ராத்திரி பகல் கிடையாது. அதனால் எங்கள் டவுன்ஷிப்பில் தூக்கம் என்பது ஒருத்தர் சொந்த விஷயம் கிடையாது, வீடே சேர்ந்து காவல் காக்கிற சொத்து. அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் ஜன்னலுக்குப் போர்வை கட்டுவோம். மிக்ஸி ஓடாது, அம்மா சட்னியைப் பக்கத்து வீட்டில் போய் அரைத்து வருவார். காய்கறிக்காரர் குரல் கொடுப்பதற்குள் கேட்டுக்கு ஓடி வாயில் விரல் வைத்துக் காட்டுவார். சின்ன வயசில் நாங்கள் கிரிக்கெட் ஆடும் இடமே யார் வீட்டில் யார் நைட் ஷிப்ட் என்பதைப் பொறுத்துத்தான். அப்படி வளர்ந்த நான், நல்ல தூக்கம் கையில் இருக்கும்போது நாலரை மணிக்கு அலாரம் வைத்து அதை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அலாரம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். "என்னடா, பரீட்சையா?" கனவு காண்றதுக்குப்பா என்றா சொல்ல முடியும்? "ஆமாம்பா" என்றேன். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அன்றைக்கு முழுக்க எந்தக் கனவும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

சரி, கிடைத்தது என்ன? பொய் சொல்ல மாட்டேன், முதல் முறை அபாரம். நாற்பதாவது நாள் வாக்கில், கனவில் மந்தாரக்குப்பம் போகிற பஸ்ஸுக்காக நிற்கிறேன். பஸ் போர்டில் எழுத்து ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மாறுகிறது. 'கனவு!' என்று பொறி தட்டிய அந்த நொடி இருக்கிறதே... மரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. உள்ளங்கையைத் தேய்த்தால் கனவு கலையாது என்று படித்திருந்தேன், தேய்த்தேன், நின்றது. பறந்தேன். சுரங்கப் பள்ளத்துக்கு மேலே, கீழே பக்கெட் வீல் மெஷின் பொம்மை மாதிரி சுற்ற, பறந்தேன்.

பிரச்சினை மூன்றாவது கனவில். என் ஆயா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. சாதாரணக் கனவில் எப்போதாவது வரும். வந்தால் திட்டும். ஒருமுறை என் செருப்பைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிட்டு "இப்ப நட பாப்போம்" என்றது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. எழுந்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆயாவை லூசிட் கனவில் நானே வரவழைத்தேன். கதவைத் திறந்தால் நிற்க வேண்டும் என்று நினைத்துத் திறந்தேன், நின்றது. அதே புடவை, அதே வெற்றிலை வாசம். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நான் பரீட்சை என்று போகவில்லை. "கோவமா ஆயா?" என்றேன். "இல்லடா கண்ணு" என்றது. நான் என்ன பதிலை நினைத்தேனோ அதே பதில், நினைத்த மாத்திரத்தில். "திட்டேன் ஆயா" என்றேன். திட்டியது, நான் மனசில் எடுத்துக் கொடுத்த வார்த்தையில். வாய் மட்டும்தான் ஆயாவுடையது.

எழுந்தபோது மணி 5.10. அவ்வளவு தனியாக நான் எப்போதும் இருந்ததில்லை.

"எல்லாக் கனவும் உன் மூளை தயாரிப்புதானேடா, செருப்பைப் போட்ட ஆயாவும் பொம்மைதானே?" என்று நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. ஆமாம், இரண்டும் என் மண்டைக்குள்தான். ஆனால் என் மண்டைக்குள் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற இடம் கொஞ்சம்தான். மீதி இடத்தில் ஆயாவோடு பதினெட்டு வருஷம் இருந்ததெல்லாம் எனக்குத் தெரியாமலேயே கிடக்கிறது. செருப்புக் கனவு அங்கிருந்து வந்தது. கட்டுப்பாடு என்று நாம் கொண்டாடுவது, அந்த இடத்தின் வாயை மூடிவிட்டு நாற்காலியில் இருக்கிறவனையே இரண்டு வேஷமும் போட வைப்பது.

நாமகிரித் தாயார் கனவில் கணக்கு தந்ததாக ராமானுஜன் சொன்னது ஊரறிந்தது. ரத்தம் வழிந்து உண்டான சிவப்புத் திரை, அதில் ஒரு கை வந்து எழுதியது, விழித்ததும் அதைத் தாளில் இறக்கியது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தாயாரை நம்புவது உங்கள் இஷ்டம். நான் கவனிப்பது வேறு. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய்க்கு அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த அந்த மனுஷன், கனவில் வந்த கையைப் பார்த்து "தள்ளு, நான் எழுதுறேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் எழுதியிருப்பார். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் தன் கல்யாணக் கனவைத் தோழிக்கு ஒவ்வொரு சடங்காகச் சொல்வதும் பார்த்ததைத்தான். அவள் அங்கே டைரக்ஷன் பண்ணவில்லை.

இனி அடுத்த ஸ்டீயரிங் யார் கையில் என்பதையும் பாருங்கள். 2021ல் கூர்ஸ் என்ற அமெரிக்க பீர் கம்பெனி, படுக்கப் போகும் முன் பார்க்க ஒரு வீடியோவும் தூங்கும்போது கேட்க ஒலியும் தந்து, கனவில் தன் விளம்பரத்தை வர வைக்க முயற்சி செய்தது. நாற்பது ஆய்வாளர்கள் வாக்கில் சேர்ந்து இதை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2023ல் ப்ரொஃபெடிக் என்ற கம்பெனி, லூசிட் கனவைக் கொண்டுவரும் தலைப்பட்டை செய்யப் போவதாக அறிவித்தது. அதன் தலைவர் கொடுத்த உதாரணங்களில் தூக்கத்திலேயே வேலையை முடிப்பதும் ஒன்று! மார்க்கெட்டிங் பேப்பரில் நூற்றுக்கு நூறு கொடுக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் மூன்று ஷிப்டுக்கு மேல் நாலாவதாக ஒரு ஷிப்ட் கண்டுபிடித்தவனை யாரும் மாலை போட்டு வரவேற்க மாட்டார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஒரே கெட்ட கனவு ராத்திரி ராத்திரி வந்து வதைக்கிறவர்களுக்கு, 'இது கனவு' என்று தெரிந்து அதை மாற்றப் பழகுவது உதவியாக இருக்கலாம். சில மனநல மருத்துவர்கள் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். தீப்பிடித்த வீட்டுக்குள் கதவை உடைத்துப் போவதில் தப்பில்லை. தானாக லூசிட் கனவு வருகிறவர்களும் என் எதிரிகள் இல்லை. 2016ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வாழ்நாளில் ஒரு முறையாவது கண்டவர்கள் 55 சதவீதம் என்று வந்தது, அலாரம் இல்லாமலே பாதிப் பேர்! கனவு என்று தெரிந்தால் தெரியட்டும். தெரிந்துகொண்டு சும்மா நில்லுங்கள், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று.

அலாரத்தை எடுத்து ஒரு மாதம் ஆகிறது. ஆயா இன்னும் வரவில்லை. கனவு எழுத வாங்கிய 200 பக்க நோட்டில் 31 பக்கம்தான் நிறைந்தது. மீதியில் காஸ்ட் அக்கவுண்டிங் சம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.