தேயிலை விளம்பரமும் கொழுந்து பறிக்கும் பெண்ணும்

வர்த்தக உலகம் அண்மைக் காலத்தில் புதியதோர் அறநெறியைக் கண்டுபிடித்துள்ளது. பன்மைத்துவம், உள்வாங்கல் என்பன அதன் தாரக மந்திரங்கள். இதுகாறும் ஒதுக்கப்பட்ட நிறத்தினர், இனத்தினர், பெண்கள் ஆகியோரின் முகங்களை விளம்பரத்திற் சேர்த்துவிட்டால் சமூக நீதி நிலைநாட்டப்பட்டுவிடும் என்பது இக்கோட்பாட்டாளரின் துணிபு. 1975 இல் இந்தியாவில் அறிமுகமாகி, கருமை இழிவென்ற எண்ணத்தைப் பல்லாண்டுகளாக விற்றுவந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்னும் களிம்பு, 2020 இல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் எழுச்சியையடுத்து 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. பெயர்தான் மாறியது, பண்டம் கடைத்தட்டை விட்டு அகலவில்லை.

படத்தில் இடம்பெறுவதே உரிமை பெறுவதற்கான முதற்படி என்போர் உளர். அவர்கள் இலங்கைத் தேயிலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று. விளம்பரத்தில் இடம்பெறும் பேற்றை மலையகத் தமிழ்ப் பெண்ணைப்போல் நெடுங்காலம் அனுபவித்தோர் உலகிற் சிலரே. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1890 இல் தோமஸ் லிப்டன் இங்கு தோட்டங்களை வாங்கினார். அதன் பின்னர் மேனாட்டுச் சுவரொட்டிகளிலும் தேயிலைப் பெட்டிகளிலும், கூடை சுமந்து புன்னகைக்கும் அப்பெண் நிலையாகக் குடியேறினாள். விளம்பரம் அவளை உள்வாங்கிக்கொண்டது, நாடுதான் உள்வாங்கவில்லை.

1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. (தேயிலைப் பெட்டிகளைப் பங்கிடுவோர்கூட இதனினும் சற்று யோசித்திருப்பர்.) தலைமன்னாரிற் குடும்பங்கள் கப்பலேறிய நாட்களிலும் பெட்டியிலிருந்த பெண் புன்னகைத்துக்கொண்டேயிருந்தாள். இங்கு நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

ஊதியத்தின் கதையும் வேறன்று. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். தேயிலையின் சின்னமும் பெண். ஆயினும் 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்குக் கிடைத்தது. 1,000 ரூபா நாட்கூலிக்காக ஆண்டுக்கணக்கிற் போராடி 2021 இல் அதனைப் பெற்றனர். மறு ஆண்டே ரூபாவின் வீழ்ச்சி அதனை விழுங்கிற்று. 2024 இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. நிர்ணயித்த தொகை கைக்கு வந்து சேர்வது பிறிதொரு விடயம். தோட்டம் விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' என்று எழுதும் வழக்கத்தை மலையகத்தில் அறியாதார் இலர். மழையும் அட்டையும் விளம்பரத்தில் தோன்றாதவாறே அத்தராசும் அதில் தோன்றுவதில்லை.

விளம்பரத்தாற் கேள்வி பெருகும், கேள்வி பெருகினாற் கூலியும் உயரும் என்று பொருளியல் பேசுவோருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட விற்பனை போதிய சோதனைக் காலமாகாதா? கூலி கடைத்தெருவில் உயர்ந்ததில்லை. சம்பளச் சபையிலும் கூட்டொப்பந்த மேசையிலும், இவை பயன்படாதவிடத்து வேலைநிறுத்தத்திலுமே உயர்ந்தது.

1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் கம்பனிகள், தம் தொழிலாளரிற் பெரும்பகுதியினர் பெண்கள் எனப் பன்மைத்துவக் கணக்குக் காட்டுதல் எளிது. அப்பெண்களுள் எத்தனை பேர் கங்காணிகள்? எத்தனை பேர் கணக்கப்பிள்ளைகள்? துரை பங்களாவில் துரையாகவே இருப்போர் எத்தனை பேர்? பணிப்பாளர் சபையில் லயத்திற் பிறந்தவர் எவரேனும் உளரா? தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்துக்கு உறுதி பெற்ற குடும்பங்கள் எத்தனை? அடுத்த விளம்பரப் படத்தை எடுப்பதற்கு முன்னர் இத்தொகைகளைத் தோட்டவாரியாக அச்சிட்டு வெளியிடட்டும்.