பிரேக் திடீரென்று போவதில்லை

மலைநாட்டில் ஒரு வாகனம் பள்ளத்தில் விழுந்தால், காயப்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பே "பிரேக் பிடிக்கவில்லை" என்ற செய்தி வந்துவிடுகிறது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்கள் சென்ற பஸ், வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தபோது அதையே கேட்டோம். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களின் பஸ் விழுந்து 15 பேர் மாண்டபோதும் அதையே கேட்டோம். சாரதி உயிரோடு இருந்தால் அவரைப் பிடித்து அடைப்பார்கள். இறந்திருந்தால் பழியையும் அவரோடு சேர்த்துப் புதைப்பார்கள். அந்த வாகனத்தை யார் பராமரித்தார், யார் வீதிக்கு அனுப்பினார் என்ற கேள்வி எழுவது அபூர்வம்.

தோழர்களே, மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் நாம் இதைத் தூரத்துச் செய்தியாக வாசித்துவிட்டுப் போக முடியாது. உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் வழியையும், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கம் வளைந்து போகும் வழியையும் அறிந்தவர்கள் நாம். டிவிசன் விட்டு டிவிசன் வேலைக்குப் போக நம் பெண்கள் ஏறுவது கொழுந்து லொறியில், இல்லாவிட்டால் டிரக்டர் பெட்டியில்.

பிரேக் போவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அது அறிவித்தல் கொடுக்கிறது. பெடலை இரண்டு மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்கிறதென்றால் லைனிங் தேய்ந்திருக்கிறது, அல்லது குழாயில் காற்று ஏறியிருக்கிறது. அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் போய்விட்டது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரம் சரியாகப் பிடிக்கவில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்டால் லைனிங் தீர்ந்தே போயிற்று. எயார் பிரேக் வண்டியில் மீற்றர் முள் இறங்குவதைச் சாரதி கண்ணாலேயே பார்க்கிறார். இறக்கத்தில் கருகல் வாடை வந்தால் பெட்டியில் இருக்கிறவர்களுக்கும் மூக்கு உண்டு, தெரியும். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய ஒயில் சூட்டில் கொதித்து ஆவியானால் பெடல் தரைமட்டும் போகும், வண்டி நிற்காது. ஒயிலை மாற்ற ஆகும் செலவை ஓர் உயிருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இதையெல்லாம் சாரதிமார் சொல்லாமலா இருக்கிறார்கள்? சொன்னால் கிடைக்கும் பதில் நமக்கு மனப்பாடம்: "அடுத்த மாத எஸ்டிமேட்டில் போடலாம்." துரையின் ஜீப்புக்கு எஸ்டிமேட் காத்திருப்பதில்லை.

டிரக்டர் கதை இன்னும் மோசம். அதற்கு இடது சக்கரத்துக்கு ஒரு பெடல், வலது சக்கரத்துக்கு ஒரு பெடல். வயலில் திரும்புவதற்காகச் செய்த ஏற்பாடு அது. வீதியில் இரண்டையும் கொளுக்கியால் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிரக்டர் சுழன்று புரளும். பின்னால் உள்ள பெட்டிக்கோ பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. இறக்கத்தில் பெட்டியின் பாரம் முழுவதும் டிரக்டரைத் தள்ளும். அந்தப் பாரம் நம் ஆட்கள்.

சாரதித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் கணக்கைக் காட்டி யாராவது நெருக்கினால் சங்கத்திடம் சொல்லுங்கள்.

லொறிக்கு வருடாந்தம் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது என்று நிர்வாகம் கடதாசியைக் காட்டும். அது ஒரு நாள் பார்த்த பார்வை. மற்ற 364 நாளும் யார் பார்ப்பது? 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் விபத்து நடந்த பிறகு பணம் தரச் சொல்கிறது. நாம் கேட்பது விபத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதை.

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் வேண்டும். சாரதி பழுதை எழுதிக் கையொப்பமிடுவார். நிர்வாகமும் கையொப்பமிட வேண்டும். பிரேக் பழுது என்று எழுதிய வண்டியில் திருத்தும்வரை ஆள் ஏற்றக்கூடாது. அன்று நடந்தோ வேறு வண்டியிலோ போனதால் தாமதமானால் பேரை வெட்டக்கூடாது. தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் தங்கள் தோட்டத்தில் ஆள் ஏற்றும் லொறி, டிரக்டர்களின் இலக்கங்களையும் அவற்றின் பழுதுகளையும் எழுதி, மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவரவும். அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பட்டியலைத்தான் முதலில் வைக்கப்போகிறோம்.