ஏட்டிலே சட்டம், வாசலிலே மூதாட்டி

தோழர்களே! ஏதாவதொரு நாள் காலையில் கோட்டாட்சியர் அலுவலகத்து வாசலுக்குப் போய்ப் பாருங்கள். மரத்தடியில் மஞ்சள் பையோடு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருப்பார். வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்தவர். இன்று அந்த வீட்டுத் திண்ணையில்கூட அவருக்கு இடமில்லை. பக்கத்திலே ஊன்றுகோலுடன் ஒருவர். அரசுப் பேருந்து ஓட்டியவர். விபத்தில் காலை இழந்தார், வேலையும் போயிற்று. அவர் போக வேண்டிய அலுவலகம் வேறு. அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

இவர்களுக்குச் சட்டம் இல்லையா? நிறையவே இருக்கிறது! பணமில்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று 1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பெண்கள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அரசுப் பணியில் இருக்கும்போது உடல் குறை ஏற்பட்டவரை வேலையைவிட்டு நீக்கலாகாது, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடு என்கிறது அதன் 20ஆம் பிரிவு. ஏடு நிரம்பியிருக்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

2007ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 17ஆம் பிரிவு, தீர்ப்பாயத்தில் வக்கீல் வாதாடக் கூடாது என்று எழுதிவைத்தது. இந்தத் தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2021இல் ஏற்கவில்லை. ஆனால் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாத தாய்க்கு அதனால் என்ன லாபம்? அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இன்னொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. முதியவரால் இயலாவிட்டால், அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவர் மனுச் செய்யலாம். அந்த 'வேறொருவர்' யார்? இதுவே நம் கேள்வி.

சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டம் 2009இல் வகுக்கப்பட்டது. சட்ட மாணவர்களும் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் வரை அதில் சேரலாம். நல்ல திட்டம்தான். ஆனால் பயிற்சி என்பது ஒரு வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம் என்று முடிந்தால் யாருக்குப் பயன்? மரத்தடிதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக வேண்டும் என்கிறோம் நாம்.

ஏன்? எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற 23ஆம் பிரிவு வழி சொல்கிறது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையின்பேரில் சொத்து கைமாறியதை நிறுவ வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறித் தாய்க்கே சொத்தைத் திருப்பித் தந்தது. அந்த வழக்கில் பத்திரத்தோடு மகன் எழுதிக் கொடுத்த தனி உறுதிமொழித் தாள் ஒன்று இருந்தது. "பத்திரம் எழுதின அன்னைக்கு வேற தாள் ஏதாவது எழுதினீங்களா, பாட்டி?" என்று கேட்கத் தெரிந்த மாணவர் வழக்கையே காப்பாற்றுவார். அந்தக் கேள்வியைப் புத்தகம் கற்றுத் தராது. மஞ்சள் பையைப் பிரித்துப் பார்க்கும் கைக்குத்தான் அது வரும்.

பார்வையற்றவருக்கு ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும். காது கேளாதவரிடம் சைகை மொழி அறிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும். படியேற முடியாதவரை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகனிடம் பேசக் கூடாது. முடிவு அவருடையது, மாணவர் அவருக்குக் கை, அவ்வளவே! இவையெல்லாம் பழகினால்தான் வரும்.

"அரைகுறையாகப் படித்தவர் வழக்கைக் கெடுத்துவிடமாட்டாரா?" என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஏழையின் வழக்கு, பிள்ளைகள் கிறுக்கிப் பழகும் சிலேட்டு அல்ல. ஆகவே ஒவ்வொரு மனுவையும் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். தொடங்கிய மாணவரே முடியும் வரை உடன் வரவேண்டும். தேர்வு வந்தது, விடுமுறை வந்தது என்று பாதியில் விடலாகாது. அவருக்கு உரிய மதிப்பூதியமும் போக்குவரத்துச் செலவும் காலத்தில் கிடைக்க வேண்டும். பட்டினி கிடந்து தொண்டு செய் என்று தொழிலாளி வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே இந்தப் பயிற்சிக்கு வருவார்கள்.

தொழிற்சங்கத் தோழர்களே! வாரம் ஒரு மாலை சங்க அலுவலகத்தில் ஒரு மேசை ஒதுக்குங்கள். வட்ட சட்டப்பணிகள் குழுவை அணுகி, பயிற்சி மாணவர்களை அங்கே அனுப்பக் கோருங்கள். 15100 என்ற இலவச சட்ட உதவித் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: அந்த மேசையில் கட்சி பார்க்கக் கூடாது. வருபவர் எந்தக் கொடியைப் பிடித்தவராயினும் அவர் கையில் இருப்பது பசித்தவரின் மனு.

தீர்ப்பாயம் பராமரிப்பு மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த 90 நாள், எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போன பிறகே ஓடத் தொடங்கும். மனுவே எழுதப்படாவிட்டால்? மூதாட்டிக்கு அந்த முதல் நாள் விடியப் போவதே இல்லை!