ரம்பம் வாங்கும் முன்

டெல்லி சாவ்ரி பஜாராகட்டும், மும்பை நாக்தேவி தெருவாகட்டும், கருவிக் கடைகளில் அடிக்கடி காணும் காட்சி இது. வீட்டில் சொந்தமாகப் புத்தக அலமாரி செய்ய ஆசைப்படும் ஒருவர் மின் ரம்பம் கேட்கிறார். கடைக்காரர் எடுத்து வைப்பது 4 அங்குல மார்பிள் கட்டர். பிளேடை மாற்றினால் மரமும் அறுக்கும் என்கிறார். விலையும் குறைவு. பேரம் முடிந்துவிடுகிறது.

மரம் அறுபடும்தான். ஆபத்தும் அங்கேதான். கல் அறுக்கும் பிளேடுக்குக் கூரான பற்கள் இல்லை. மர பிளேடுக்கு உண்டு. மார்பிள் கட்டரின் மூடி பிளேடின் மேல் பாதியை மட்டுமே மறைக்கிறது. கருவியைப் பலகையிலிருந்து தூக்கும்போது, நிமிடத்துக்குச் சுமார் 12,000 முறை சுழலும் பற்கள் அடியில் திறந்தே இருக்கும். பலகையில் பிளேடு இறுகினால் கருவி பிடித்திருப்பவரை நோக்கியே எகிறும். மூடி கழற்றிய ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவது இதைவிட மோசம்.

எனவே முதல் கேள்வி விலை அல்ல, வேலை. வளைவுகள், சிறு பலகைகள், ஸ்விட்ச் பெட்டிக்கான துளை போன்றவற்றுக்கு ஜிக்ஸா போதும். புதியவர்களுக்குப் பயமும் குறைவு. ஆனால் நீண்ட நேர்க்கோட்டில் அது தடம் மாறும். 8க்கு 4 அடி பிளைவுட்டை அடிக்கடி அறுப்பவர்களுக்கு வட்ட ரம்பம்தான் சரி. 7¼ அங்குல பிளேடு உள்ளது சுமார் 65 மி.மீ. ஆழம் வரை அறுக்கும். 19 மி.மீ. பிளைவுட்டுக்குத் தாராளம்; 3 அங்குல நிலைச்சட்டத்தை இருபுறமும் திருப்பித்தான் அறுக்க வேண்டும். ஒரே ஓர் அலமாரிதான் என்றால் ரம்பமே தேவையில்லை. பல பிளைவுட் கடைகளில் அளவு கொடுத்தால் அறுத்தே தருகிறார்கள்.

பிளேடின் பற்களையும் எண்ண வேண்டும். கெட்டி மரத்தை நீளவாக்கில் கிழிக்க 24 பல். பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை சிதறாமலிருக்க 40 முதல் 60. இரண்டு ரம்பங்களிலும் பல் பொதுவாகக் கீழிருந்து மேல்நோக்கியே வெட்டுவதால், நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுப்பது வழக்கம்.

மின்சாரமும் முக்கியம். 1,200 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கிளம்பும் கணத்தில் இன்னும் அதிகம். விளக்குப் பலகையின் சிறிய பிளக்கில் செருகாமல் 15 ஆம்பியர் பிளக்கில் செருக வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம். தொங்கும் துப்பட்டாவும் லுங்கி நுனியும் ரம்பத்தின் அருகே கூடாது. பிளேடு மாற்றும்போது ஸ்விட்சை அணைப்பது போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும்.

வட்ட ரம்பம் வாங்குபவர்களுக்குக் கடையிலேயே ஒரு சோதனை உண்டு. பிளக்கில் செருகாத நிலையில் கீழ் மூடியை அதன் நெம்புகோலால் தூக்கி விட வேண்டும். ஸ்பிரிங் விசையில் அது உடனே மூடிக்கொண்டால் சரி. மந்தமாக நகர்ந்தாலோ பாதியில் நின்றாலோ, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் அந்த ரம்பம் வேண்டாம்.