யானை போன பிறகு வரும் படம்

நீலகிரியின் பந்தலூரில் வாசலுக்கு மேலே கேமரா மாட்டுகிறவர்கள் திருடனை நினைத்து மாட்டுவது குறைவு. விடிகாலையில் தாழ்ப்பாளை எடுக்கும் முன் முற்றத்தில் யானை நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளத்தான் மாட்டுகிறார்கள். 2022 நவம்பரில் தேவாலா பக்கம் வீட்டை இடித்து ஒரு பெண்ணைக் கொன்ற பிஎம் 2 என்ற மக்னாவை (தந்தமில்லாத ஆண் யானையை) வனத்துறை டிசம்பரில் பிடித்து முதுமலைக் காட்டில் விட்டது. 2024 ஜனவரியில் மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட்டில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. இதெல்லாம் நடந்த ஊரில் கேமரா அலங்காரப் பொருள் இல்லை.

கடையில் எல்லோரும் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறார்கள். படம் எத்தனை விநாடி பிந்தி வரும் என்று ஒருவரும் கேட்பதில்லை. யானை சாவகாசமாக நடந்தாலே பத்து விநாடியில் சின்ன முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்துவிடும்.

அந்தத் தாமதம் படம் வரும் வழியைப் பொறுத்தது. பெரும்பாலான நெட்வொர்க் கேமராக்கள் ஆர்டிஎஸ்பி என்ற முறையில் படத்தைத் தருகின்றன. 1998இல் தரப்படுத்திய பழைய முறை. அதில் யுடிபி, டிசிபி என்று இரண்டு வழி. யுடிபியில் வழியில் தொலைந்தது தொலைந்ததுதான். திரையில் பாதி சாம்பல் நிறமாக இழுபடும், யானையின் பின்பாகம் மட்டும் தெரியும். டிசிபியில் தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்குவதால் படம் துடைத்துவைத்ததுபோல் இருக்கும். ஆனால் சிக்னல் மெலிந்தால் அனுப்ப வேண்டியது பின்னால் வரிசை கட்டி நிற்கும். ஐந்து விநாடிக்கு முந்தைய வெறும் முற்றத்தை இப்போதைய முற்றம் என்று காட்டும். இழுபட்ட படத்தை யாரும் நம்பமாட்டார்கள். இந்தச் சுத்தமான படத்தை நம்பிவிடுவோம். எனக்குப் பயம் இதில்தான்.

அப்படியும் டிசிபியைத்தான் சொல்வேன், வரிசை சேராதபடி படத்தைச் சிறிதாக்கிவிட்டு. மெயின் ஸ்ட்ரீம் முழுத் தரத்தில் கேமராவின் மெமரி கார்டிலோ கேபிள் வழியாக என்விஆர் பதிவுப் பெட்டியிலோ பதிவாகட்டும். போனில் பார்க்க சப் ஸ்ட்ரீம் எனும் சிறிய படம் போதும்: 640க்கு 360 அளவு, விநாடிக்குப் பத்து ஃபிரேம், 512 கிலோபிட், இரண்டு விநாடிக்கு ஒரு ஐ-ஃபிரேம் (முழுப் படம்). யானையை அடையாளம் காண இதற்கு மேல் தேவையில்லை, அது ஒன்றும் சின்ன உருவம் இல்லையே. நான்கு மெகாபிட் மெயின் ஸ்ட்ரீமை சிம் ரவுட்டர் வழியாக அனுப்பினால் ஒரு நாளைக்கு 43 ஜிபி ஓடும். ஒன்றரை ஜிபி பேக் ஐம்பது நிமிடத்தில் காலி.

பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு அனுப்பும் அளவை, ‘மாறும்’ என்று விட்டுவைத்தால் நம் ஊர் மழை அதைப் பதம் பார்க்கும். ஆடி மாத இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்கு ஒவ்வொரு துளியையும் வெள்ளைக் கோடாக்குகிறது. ஈசல் வரும், ஈசலைத் தேடிச் சிலந்தி வந்து லென்சுக்கு நேரே வலை கட்டும். திரை முழுக்க அசைவு. எல்லாமே மாறுகிறது என்று கேமரா எண்ணிக்கொண்டு பிட்ரேட்டை ஏற்றும், காற்றிலும் மழையிலும் சிக்னல் தள்ளாடும் அதே நேரத்தில். உச்ச வரம்பை 512இல் கட்டிப்போடுங்கள். வாரம் ஒருமுறை வலையைத் துடைக்க ஒரு விளக்குமாறு வேண்டும். அதற்கு செட்டிங் கிடையாது.

இன்னொரு கூத்து: கேமராவும் போனும் ஒரே வீட்டில் இருந்தும், சில ஆப்கள் படத்தை எங்கேயோ உள்ள சர்வருக்கு அனுப்பித் திரும்ப வாங்குகின்றன. வீட்டு வைஃபையில் இருக்கும்போது விஎல்சி மாதிரி ஒன்றில் ஆர்டிஎஸ்பி முகவரியை நேராகக் கொடுத்துப் பார்க்கலாம். விஎல்சியே வழக்கமாக ஒரு விநாடி சேமித்துவைத்துத்தான் காட்டும்; 300 மில்லிவிநாடிக்குக் குறைக்க அதில் வசதி உண்டு. கரண்ட் போனாலும் வீட்டுக்குள் இந்த வழி ஓடும், கேமராவுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இருந்தால்.

ஆர்டிஎஸ்பி படம் பூட்டில்லாமல் போவதால் அதன் 554 போர்ட்டை வெளியே திறக்க வேண்டாம். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் வைரஸ் பெரும்பாலும் பிடித்தது அதை மாற்றாத கருவிகளைத்தான்.

அடுத்த மழை மாலையில், இருட்டும் முன், ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு கேமராவுக்கு நேரே பிடியுங்கள். வீட்டுக்குள் இருப்பவர் கேமரா படத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். அவர் சொல்லும் எண்ணுக்கும் ஸ்டாப்வாட்சில் ஓடும் எண்ணுக்கும் இடையில் மூன்று விநாடிக்கு மேல் போனால் பிட்ரேட்டை இன்னும் இறக்குங்கள். அது சரியாகும் வரை அந்தப் படத்தை நம்பிக் கதவைத் திறக்காதீர்கள்.